பல் இல்லாத கத்தி

அப்பா இறந்து ஐந்தாம் நாள்தான் வடிகாலில் தண்ணீர் இறங்கியது. பக்கத்து வீட்டுத் தங்கராஜு மாமா காலையிலேயே போய்ச் சேற்றைத் துழாவி, அப்பாவின் மடக்குக் கத்தியை எடுத்து வந்தார். பழைய துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

“விரிச்சபடியே கெடந்துச்சு துளசி. சேத்துக்குள்ள குத்திகிட்டு நின்னுச்சு. கழுவி, எண்ண போட்டு, ஒரு தீட்டு தீட்டிக் குடுக்கவா? பதினாறுக்குப் படையல்ல வைக்கணும்ல.”

“தீட்டாதீங்க மாமா.”

“துருப் புடிச்சிரும்லா.”

“பரவால்ல. யாரும் அதுல கல்லு வைக்க வேணாம்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விளக்கம் சொல்லத் தெம்பில்லை. பதினாறாம் நாளுக்குள் அந்தக் கத்தியை வைத்து ஒன்றைத் தெரிந்துகொண்டாக வேண்டும். அதற்குள் யாராவது தீட்டிவிட்டால் அது எப்போதும் தெரியாமல் போய்விடும்.

நடந்தது இதுதான். அக்டோபர் மாதம், முதல் நாள் இரவெல்லாம் மழை. காலை ஏழு மணிக்கு அப்பா மாடுகளை இடம் மாற்றிக் கட்டப் போனார். எட்டேகாலுக்கு ஒரு மாடு மட்டும் கழுத்தில் அறுந்த கயிற்றோடு வீட்டு வாசலுக்கு வந்தது. அம்மா தங்கராஜு மாமாவைக் கூப்பிட்டார். மாமா மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தபோது, அப்பா பாரிட்டுக்குள் கரையில் சாய்ந்தபடி இருந்தார். பாரிட் என்பது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தைச் சுற்றி ஓடும் பெரிய வடிகால். தண்ணீர் அவர் தொடை வரைதான். உயிர் இல்லை.

மாடு வழுக்கி உள்ளே விழுந்திருக்கிறது. கயிறு கரையிலிருந்த செம்பனைக் கட்டையில் சுற்றிக்கொண்டு அதன் கழுத்தை இறுக்கியிருக்கிறது. அப்பா இறங்கிக் கயிற்றை அறுத்திருக்கிறார். மாடு ஏறி வந்துவிட்டது. அவர் வரவில்லை. இருதயத்துக்குப் போகும் பெரிய குழாய் அடைத்திருந்தது என்று மருத்துவர் சொன்னார். எங்கே வேண்டுமானாலும் நடந்திருக்கும், படுக்கையில்கூட, என்றார்.

எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். நான் ஏற்கவில்லை. ஏழுக்கும் எட்டேகாலுக்கும் இடையில் எவ்வளவு நேரம் அவர் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் நின்று கயிற்றோடு போராடினார்? மூச்சு வாங்க, மாடு இழுக்க, எத்தனை நிமிடம்? அவருடைய கத்தி ஈர நைலானை அறுக்காது என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அறுக்கும் கத்தி ஒன்றை நானே வாங்கிக் கொடுத்திருந்தேன். அது அவருடைய அலமாரி இழுப்பறையில், துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

அப்பாவின் பெயர் நல்லசாமி. அறுபத்து நான்கு வயது. ஈஜோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் பால்மரம் வெட்டப் போனார். பட்டையை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாகச் சீவ வேண்டும். குறைந்தால் பால் வராது. கூடினால் கத்தி உள்மரத்தில் படும், அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாகத் திரும்ப வளரும். அதற்குக் காயம் என்று பெயர். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் மரம் மரமாக வந்து காயத்தைப் பார்ப்பார். அப்பா பதினொரு வருடம் வெட்டினார். “என் மரத்துல காயம் இருக்காது.” அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பெருமை இது ஒன்றுதான். பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தார்கள். குலை வெட்டினார். முதுகு போனதும் டிராக்டர் ஓட்டினார். தோட்டத்தில் பாதி வீடமைப்புக்குப் போனபோது பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தொடர் வீட்டுக்குக் குடிவந்து, மிச்சத் தோட்டத்து ஓரத்தில் மூன்று மாடு வைத்துக்கொண்டார். கோயிலுக்கும் பன்னிரண்டு வீடுகளுக்கும் பால் கொடுத்தார்.

வேலை மாறினாலும் கத்தி தீட்டும் முறை மாறவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் பின்பக்கக் குழாயடியில் உட்காருவார். முதலில் முரட்டுக் கல், பிறகு நைசுக் கல், கடைசியில் இடுப்பு வாரின் உள்பக்கம். நாலு நாளாக எதையும் வெட்டாத கத்தியாக இருந்தாலும் தீட்டுவார். முன்கை முடியில் வைத்துச் சீவிப் பார்ப்பார். சத்தமில்லாமல் முடி விழ வேண்டும். வேலிக்கு அந்தப்பக்கம் நின்று தங்கராஜு மாமா சீண்டுவார்.

“நல்லசாமி, இன்னிக்கு எந்த மாட்டுக்குச் சவரம்?”

“ஒனக்குத்தான்டா. வந்து கழுத்தக் காட்டு.”

கத்தி இல்லாமல் அவர் வெளியே போய் நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்தன்றுகூட வேட்டி மடிப்பில் இருந்தது. மாலையில் தொங்கிய நூலை மண்டபத்து மேடையில் வைத்தே அறுத்துவிட்டார். புகைப்படக்காரர் ஒரு நொடி பயந்துபோனார். தவிட்டு மூட்டையின் தையலைப் பிரிப்பது, கோயிலுக்கு எலுமிச்சை நறுக்குவது, கன்றின் குளம்பில் குத்திய முள்ளைக் கிளறி எடுப்பது, எல்லாம் அந்த ஒரே கத்திதான். மரப்பிடி, மூன்றங்குல அலகு, கோலசிலாங்கூரில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கன்று செத்தது. நான் லீவில் வந்திருந்தேன். கன்று வேலியில் பாய்ந்து கயிறு கழுத்தில் முறுக்கிக்கொண்டது. அன்றும் மழை. அப்பா ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து அறுத்தார். கத்தி வழுக்கியது. மறுபடி இழுத்தார், மறுபடி வழுக்கியது. பதினைந்து தடவையாவது இழுத்திருப்பார். கயிறு அறுந்தபோது கன்று கண்ணை மூடிவிட்டது. அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எனக்குக் காரணம் தெரியும். ரவாங்கில் பாரம் தூக்கும் பட்டைகளும் லோரிக் கட்டுப் பட்டைகளும் செய்யும் தொழிற்சாலையில் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். எந்தப் பட்டை எத்தனை கிலோவில் அறும், எதனால் அறும் என்று பார்ப்பது என் வேலை. நைசுக் கல்லில் பளபளவென்று தீட்டிய கூர், மரப்பட்டையிலும் பழத்திலும் அழுத்தினாலே இறங்கிவிடும். ஈர நைலான் வேறு. இழைகள் மெழுகு மாதிரி. கூர் அதன் மேல் சறுக்கும். அதைக் கடித்துப் பிடிக்க ஏதாவது வேண்டும். அதற்குத்தான் பல் வைத்த கத்தி.

அடுத்த வாரமே ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். மூன்று வாரம் வைத்திருந்தார். பிறகு இழுப்பறைக்குள் போய்விட்டது.

“ஏன்பா, வாங்கிக் குடுத்தத உள்ள வச்சிட்டீங்க?”

“அது கடிக்குதும்மா.”

“கயிறத்தானே கடிக்கச் சொல்றேன்.”

“கயிறு எது, கழுத்து எதுன்னு அதுக்குத் தெரியலையே. நேத்து செவலைக்குக் கயிறு இறுகிப் போச்சுன்னு உள்ள விட்டு இழுத்தேன். தோலையும் சேத்துக் கிழிச்சிருச்சு, இவ்ளோ நீளம். என் கத்தின்னா நான் நிறுத்துன எடத்துல நிக்கும். இது நான் நிறுத்துன பெறகும் ஒரு பல்லு போவுது.”

“பழகுனா சரியாயிரும்பா.”

“மூட்ட தையலப் பிரிச்சா நூல் பூரா பல்லுல மாட்டிக்குது. சரி, மொன்னையாப் போச்சுன்னா எதுல தீட்டுறது? பல்லுக்கு ஒரு கல்லா?”

“தீட்டவே வேணாம்பா. ரொம்ப நாள் தாங்கும்.”

“தீட்டாத கத்திய எப்படிம்மா நம்புறது?”

எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தவறில்லை. பல் வைத்த கூர் கயிற்றையும் பட்டையையும் வேகமாக அறுக்கும், கூர் போன பிறகும் ஓரளவு அறுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் பல் எதையாவது பிடித்தால் அதைக் கையால் கட்டுப்படுத்த முடியாது. சாதாக் கூர் கை சொல்வதைக் கேட்கும், எந்தக் கல்லிலும் தீட்டலாம். நாள் முழுக்கச் சின்னச் சின்ன வேலை செய்கிறவருக்கு அதுதான் பொருத்தம். என் பயம் அவருடைய நாள் முழுவதையும் பற்றியதல்ல. வருடத்தில் ஒரு தடவை வரக்கூடிய ஒரு நிமிடத்தைப் பற்றியது.

யோசித்து, நடுவில் ஒரு வழி சொன்னேன். முரட்டுக் கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நைசுக் கல்லும் வாரும் வேண்டாம். முரட்டுக் கல் கூரில் நுணுக்கமான கீறல்களை விடும். கண்ணுக்குத் தெரியாத பல் மாதிரி. தோலைக் கிழிக்காது, நைலானைப் பிடிக்கும்.

“பாதி தீட்டுன கத்தியா?” என்றார் அப்பா. “மண்டோர் பாத்தா தூக்கிக் குப்பையில போட்டுருவான்.”

“எந்த மண்டோர்பா? அவர் செத்து இருவது வருசம் ஆச்சு.”

“அதான் எனக்குப் பயம்.”

சிரித்துக்கொண்டே குழாயடிக்குப் போனார். முரட்டுக் கல், நைசுக் கல், வார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போதெல்லாம் கேட்பேன். மாட்டைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசி நழுவுவார். இந்த வருடம் ஜூன் மாதம் கடைசியாகக் கேட்டேன். “பாத்துக்குறேன்லா” என்றார். அதோடு விட்டுவிட்டேன். பட்டைக்கு அறும் கணக்கு எழுதும்போது ஓர் இலக்கம் மாறினாலும் மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான். அப்பா விஷயத்தில் ‘பாத்துக்குறேன்லா’ என்ற ஒரு வார்த்தையில் திரும்பி வந்துவிட்டேன்.

பத்தாம் நாள் சனிக்கிழமை. சோதனைக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. மேலாளரிடம் அனுமதி கேட்டிருந்தேன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

கட்டையில் சுற்றியிருந்த மிச்சக் கயிற்றைத் தங்கராஜு மாமா கழற்றி வைத்திருந்தார். மாட்டின் கழுத்திலிருந்த துண்டும் என்னிடம் இருந்தது. பன்னிரண்டு மில்லிமீட்டர் நைலான். அப்பாவின் கத்தியைத் தண்ணீரில் மட்டும் அலசினேன், விரல்கூட வைத்துத் துடைக்கவில்லை. இழுப்பறையிலிருந்த பல் கத்தியையும் எடுத்து வந்திருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவதாக ஒன்று, அதே அளவில் புதுச் சாதாக் கத்தி. அதை அப்பா தீட்டுவது போலவே மூன்று கட்டமாகத் தீட்டியிருந்தேன். முன்கை முடியைச் சீவியது.

கயிற்றை ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். ஒரு முனையை இறுக்கிப் பிடித்து, மறுமுனையில் முப்பது கிலோ தொங்கவிட்டேன். கழுத்து மாட்டிக்கொண்ட மாடு அதைவிட அதிகமாக இழுக்கும். இழுவை கூடக் கூடக் கயிறு சுலபமாக அறும். அதனால் குறைத்தே வைத்தேன்.

பல் கத்தி: இரண்டு இழுப்பு.

நான் தீட்டிய புதுக் கத்தி: பதினொன்று. முதல் ஐந்து வெறுமனே வழுக்கின.

அப்பாவின் கத்தி. மூன்று இழுப்பு. கயிறு அறுந்து எடைக்கல் தரையில் விழுந்தது.

நம்பவில்லை. ஊறவைத்த வேறொரு துண்டை எடுத்தேன். மூன்று. இன்னொன்று. மூன்று. நாலாவது தடவை நான்கு, அது என் கை சாய்ந்ததால்.

கத்தியை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். ஐந்து நாள் சேற்றில் கிடந்ததில் அங்கங்கே துருப்புள்ளி. அதை விட்டுவிட்டுப் பார்த்தால், கூர் நெடுக ஒரே சாய்வில் கீறல்கள். ஏர் ஓட்டிய நிலம் மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக. நைசுக் கல் பட்டிருந்தால் அவை இருக்காது. வாரில் தேய்த்த பளபளப்பு எங்கும் இல்லை. முரட்டுக் கல்லோடு நிறுத்திய கத்தி அது.

பிறகு மாட்டின் கழுத்திலிருந்த துண்டு, அப்பா அறுத்த முனை. கத்தி வழுக்கியிருந்தால் அறுந்த இடத்துக்குப் பக்கத்தில் மேலிழைகளில் பளிச்சென்று சின்னக் கீறல்கள் தெரியும். வேலையில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட இல்லை. வெட்டு மூன்று படியாக இறங்கியிருந்தது. மூன்றாவது படியோடு முடிந்திருந்தது.

இரண்டு நொடி. கூடிப்போனால் மூன்று.

பதிவேட்டில் எழுதும் பழக்கத்தில் பேனாவை எடுத்துவிட்டேன். எந்தப் பெயரில் எழுதுவது என்று தெரியாமல் மூடி வைத்தேன். காரில் வந்து உட்கார்ந்து வெகு நேரம் சாவியைத் திருப்பவில்லை. பத்து நாளாக இராப்பகலாக நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு கேள்வியைத்தான். என் மேல் தப்பு என்று முடிந்திருந்தால் எனக்கு ஒரு வேலை இருந்திருக்கும். தப்பைச் சுமப்பதும் ஒரு வேலைதானே. இப்போது அப்பா இல்லை என்பது மட்டும் மிச்சம் இருந்தது. அப்போதுதான் அழுதேன்.

பதினைந்தாம் நாள் காலை அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து மறுநாள் படையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் பெயர் இராஜம்மா. அதிகம் பேசமாட்டார், அந்த இரண்டு வாரம் அறவே பேசவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து, கத்தியை அவர் முன் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே உரித்தார். முடித்ததும், “பொங்கலுக்கு அப்பறமே அந்தச் சின்னக் கல்ல எடுக்குறத விட்டுட்டாரு” என்றார்.

“என்னம்மா சொல்றீங்க?”

“நைசுக் கல்லத்தான் சொல்றேன். கோழிக் கூண்டுக் கதவுக்கு முட்டுக் குடுத்து வச்சிருக்காரு, போய்ப் பாரு. நான் கேட்டேன், என்னாங்க இது, கல்லு இங்க கெடக்குன்னு. ‘அவ சொன்ன மாரி தீட்டிப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு’ன்னாரு.”

“ஜூன் மாசம் கேட்டப்பகூட என்கிட்ட சொல்லலியே.”

“சொல்லக்கூடாதுன்னுட்டாரு. ‘அவகிட்ட சொல்லிறாத, அப்பறம் போன்ல ஒரு மணி நேரம் பாடம் எடுப்பா’ன்னு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த வெங்காயத்தை உரிக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார்.

“நான்தான் சொன்னேன்” என்றார்.

“என்னம்மா?”

“பாரிட்டு ஓரத்துல புல்லு நல்லா வந்திருக்கு, அங்க கட்டுங்கன்னு. அவரு வேணாம், மழ பேஞ்சு கரை வழுக்கும்னாரு. நாந்தான், சும்மா சாக்குச் சொல்லாதீங்க, மாடு பால் கொறைஞ்சு போச்சுன்னு சத்தம் போட்டேன். கோப்பி கலக்கி வச்சிருந்தேன். குடிக்காமப் போயிட்டாரு.”

இந்தப் பதினைந்து நாளும் அவர் பேசாமல் இருந்தது இதை மனசில் வைத்துக்கொண்டுதான். நான் என் கத்தியையும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு ரவாங்குக்கும் வீட்டுக்கும் அலைந்தபோது, பக்கத்திலேயே இன்னொரு கேள்வி உட்கார்ந்திருந்தது. நான் பார்க்கவில்லை.

“டாக்டர் சொன்னாரேம்மா. படுத்திருந்தாலும் வந்திருக்கும்னு.”

“சொன்னாரு.”

“அந்தக் கொழாய் ஒரே நாள்ல அடைக்காது. வருசக்கணக்கா ஆகும்.”

“தெரியும்லா. நீயும் பத்து நாளா அதத்தானே கேட்ட. ஒனக்கு ஆறுச்சா?”

கழுத்துக் கயிற்றின் முனையைப் பார்த்து அதிலிருந்து அந்தக் காலையின் நொடிகளை எண்ணிச் சொல்ல என்னால் முடிந்தது. குடிக்காமல் போன கோப்பியிலிருந்து எதையும் எண்ணிச் சொல்ல முடியாது. நகர்ந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெங்காயக் கூடையை இழுத்து நானும் உரிக்க ஆரம்பித்தேன். வெளியே தங்கராஜு மாமா மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் சத்தம் கேட்டது.

கூடையில் பாதி முடிந்தபோது அம்மா கேட்டார்.

“எத்தன இழுப்புன்ன?”

“மூனும்மா.”

“நிச்சயமா?”

“நிச்சயமா. நாலு தடவ செஞ்சு பாத்தேன். அவரு அறுத்த கயித்துலயும் இருக்கு.”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தார். விரித்தார். இடது கையில் இல்லாத ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் காற்றில் இழுத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நிறுத்திவிட்டு, கையைத் தூக்கியபடியே அப்படியே இருந்தார். பிறகு மறுபடி, இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொன்றையும் வாய்க்குள் எண்ணிக்கொண்டு இழுத்துப் பார்த்தார்.